தையல் இல்லாத உள்ளாடை

விண்வெளி வீரர்கள் அந்த வெள்ளை அங்கிக்குள்ளே என்ன போட்டுக்கொள்கிறார்கள்?

போன மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவன் விஞ்ஞானி இல்லை. என் நண்பன் விச்சு. என் வயதுதான். என்னைப் போலவே ஓய்வு பெற்றவன்.

விச்சு என்பது மாற்றிய பெயர். எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்தபோது அவன் வைத்த ஒரே நிபந்தனை அது. எங்கள் தெருவில் போன வாரம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர் வேறு யாரும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

கடையில் ஒரு சேச்சி இருந்தாள். "எந்தா வேண்டது?" என்றாள். விச்சு இருமினான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். கூட்டம் குறையட்டும் என்று ஒரு வைட்டமின் மாத்திரை வாங்கினான். பிறகு ஒரு வலித் தைலம். பிறகு கொசுவத்தி. பை நிறைந்துகொண்டே போனது. வந்த காரியம் மட்டும் வாயை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன் — பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயபர்.

"ஆர்க்கா சேட்டா?"

யாருக்கு என்று அவள் கேட்டது அளவுக்காக. வம்புக்காக இல்லை. விச்சுவோ வெலவெலத்துப் போய், "அம்மைக்கு" என்றான்.

அவன் அம்மா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

"அம்மைக்கு அரவண்ணம் எத்ரயா?" இடுப்புச் சுற்றளவு கேட்கிறாள். விச்சு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். நிமிர்ந்தான். "லார்ஜ்" என்றான்.

விச்சுவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு தகவல். அவன் இடுப்பில் வேட்டி நிற்பது பெல்ட்டின் தயவால்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா லார்ஜ்?"

"பின்னே? அந்தப் பொம்மனாட்டி முன்னாடி ஸ்மால்னு சொல்லச் சொல்றயா?"

"அம்மாவுக்குன்னுதானே சொன்னே?"

"இருந்தாலும் வாங்கறது நானாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே தப்பை நிலாவுக்குப் போன கோஷ்டியே செய்திருக்கிறது. அந்தக் காலத்தில் விண்வெளிக்குப் போனவர்கள் அநேகமாக எல்லாரும் ஆண்கள். சிறுநீருக்காக உறை மாதிரி ஒரு ரப்பர் சாதனம் கொடுத்தார்கள் — ஸ்மால், மீடியம், லார்ஜ். ஸ்மால் என்று யார் வாயைத் திறப்பார்கள்? எல்லாரும் லார்ஜ் கேட்டார்கள். தொளதொளவென்று மாட்டிக்கொண்டார்கள். அங்கிக்குள் என்ன நடந்திருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் சளைத்தவர்களா... பெயரை மாற்றிவிட்டார்கள். சின்னதற்கு லார்ஜ் என்று பெயர். அதற்கு மேல் ராட்சசப் பெயர்கள். பெயர்கள் என்னென்ன என்பதில் ஆளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விஷயம் மட்டும் ஒன்றுதான்.

"நிலாவுக்குப் போனவாளா?" என்றான் விச்சு.

"அவாளேதான்."

அவன் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டான்: "அப்போ... அவா உள்ளே என்னதாண்டா போட்டுக்கறா?"

பதில் சொல்வதற்கு முன், அவனுக்கு ஏன் இந்தக் கவலை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் முன்பு விச்சுவுக்குப் புரோஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. வெற்றி. டாக்டருக்குச் சந்தோஷம். ஆனால் குழாயை எடுத்த பிறகு வால்வு சரியாக மூடவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பயிற்சி செய்யுங்கள், போகப் போகச் சரியாகும் என்றார்கள். அதுவரை? இருமினால் கசிவு. கனம் தூக்கினால் கசிவு. சிரித்தால் கசிவு. விச்சு வெளியே வருவதைக் குறைத்தான். சிரிப்பதை அடியோடு நிறுத்தினான். ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷனுக்கு நகைச்சுவை உணர்வே போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். போகவில்லை. அடக்கி வைத்திருந்தான்.

இந்த நேரம் பார்த்துப் பெண் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. காக்கநாட்டில் ஐ.டி. கம்பெனி வேலை. பையனும் அதே ஆபீஸ். நாகர்கோவில் பக்கம். அவளே பார்த்து முடிவு செய்தது. முதலில் விச்சு கொஞ்சம் முணுமுணுத்தான். பையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து சாயா குடித்துவிட்டுப் போனதும் முணுமுணுப்பு நின்றது. அவ்வளவுதான் எதிர்ப்பு.

சிக்கல் வேறு இடத்தில். எங்கள் வழக்கப்படி, தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். குழந்தைப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம். இன்று மடியில் உட்காருகிறவள் டீம் லீடர். ஜிம்முக்குப் போகிறவள். நிறைந்த சபையில், முழுக் கனத்தோடு, பலவீனமான ஒரு வால்வின் மேல்... விச்சு தூக்கம் கெட்டுப் போனான். கடைசியில் ஒரு நாள் வீட்டில் அறிவித்தான்: கன்னிகாதானம் செய்யப் போவது பம்பாய்த் தம்பியும் அவன் மனைவியும். காரணம்? "சௌகரியப்படாது. அவ்வளவுதான்."

மறுநாளே காயத்ரி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"மாமா, நேரா சொல்லுங்கோ. அப்பாவுக்கு இவனைப் பிடிக்கலை, அதானே?"

"அப்படி இல்லைம்மா."

"பின்னே எந்தாக்கும்? பெத்த அப்பா உசுரோட இருக்கறச்சே நான் சித்தப்பா மடில போய் உக்காரணுமா? மாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிண்டே இருக்கேன். அப்பா கிட்ட சொல்லிடுங்கோ."

உண்மை எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று விச்சு சத்தியம் வாங்கியிருந்தான். ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும். பின்விளைவு தெரியாது. பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கு வெட்கம். சொல்லாததால் அவன் தன்னையும் தன் தேர்வையும் ஒதுக்குகிறான் என்று பெண்ணுக்குக் கோபம். நடுவில் நான் ஒரு வாழைப்பழச் சிப்ஸ் தட்டை நீட்டினேன். அவள் தொடவில்லை.

அன்றைக்கே விச்சுவைப் பிடித்து மருந்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதுதான் நீங்கள் மேலே படித்த காட்சி.

இப்போது பதில்.

விண்கலத்தை விட்டு வெளியே இறங்கி வேலை செய்கிறவர்கள் அந்தப் பெரிய அங்கிக்குள் அடுக்கடுக்காக அணிகிறார்கள். வரிசை மாறக்கூடாது. எல்லாவற்றுக்கும் உள்ளே, தோலை ஒட்டி இருப்பது — டயபர். ஆம், அதேதான். அதற்கு மேல் கைகால் நீளத்துக்கு ஒரு மெல்லிய உள்ளாடை. அதற்கு மேல் இன்னொன்று. அது விசேஷம். வலை மாதிரித் துணி, அதில் உடம்பு முழுக்க ஓடும் மெல்லிய குழாய்கள், குழாய்களுக்குள் குளிர்ந்த தண்ணீர். வெளியே காற்றே இல்லாத வெற்றிடம். உடம்புச் சூடு போக வழியில்லை. அந்தத் தண்ணீர் சுற்றவில்லை என்றால் ஆள் தன் சூட்டிலேயே வெந்துபோவான்.

"இந்தக் குழாய்ச் சட்டை ஒண்ணு கிடைச்சா தேவலை. ஹோமப் புகைல உக்காரறதுக்கு" என்றான் விச்சு.

அவர்கள் டயபருக்கு வந்த கதையும் சுவாரசியம்தான். விண்வெளிக்கு முதலில் போன அமெரிக்கருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. போய்வரக் கால் மணி நேரம்தானே, எதற்கு என்று விட்டுவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்பே மணிக்கணக்கில் தாமதம். மனிதர் ராக்கெட்டின் உச்சியில் கட்டுண்டு கிடக்கிறார். அவசரம் என்கிறார். எழுந்துவர முடியாது. கீழே இருக்கும் நிபுணர்கள் கூடிப் பேசி அனுமதி கொடுத்தார்கள் — அங்கிக்குள்ளேயே போய்க்கொள்ளலாம் என்று. அப்புறம்தான் ஞானம் வந்து ரப்பர் உறை. அதன் பிறகு பெண்களும் விண்வெளிக்குப் போக ஆரம்பித்ததும் உறை உதவவில்லை. உறிஞ்சும் உள்ளாடை வந்தது. அதன் சௌகரியத்தைப் பார்த்து ஆண்களும் மாறிக்கொண்டார்கள்.

அதற்கு அவர்கள் டயபர் என்றா பெயர் வைத்தார்கள்? மேக்ஸிமம் அப்ஸார்பன்ஸி கார்மென்ட். கம்பீரமாக இல்லை? ஒரு சமாசாரத்துக்கு நீளமாக ஒரு பெயர், போட்டுக்கொள்ள ஒரு வரிசை, சரிபார்க்க ஓர் அதிகாரி... இவ்வளவும் வந்துவிட்டால் வெட்கம் தானாக எழுந்து போய்விடும். அரசாங்க உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தத்துவம் இது.

எந்தப் பயணத்துக்கும் ஒத்திகை வேண்டும். அவர்கள் பெரிய தண்ணீர்த் தொட்டியில் மாதக்கணக்கில் மிதந்து பழகுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது விச்சு வீட்டுக் கூடமும் ஒரு மூட்டை மட்டை அரிசியும்.

விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் விச்சுவின் மனைவி லலிதா. காயத்ரி ஆபீஸ் போயிருந்த நேரம். விச்சுவை மணையில் உட்காரவைத்தோம். சொம்பு நிறைய மோர் கொடுத்தோம். காத்திருந்தோம். பிறகு அரிசி மூட்டையைத் தூக்கி அவன் மடியில் வைத்தோம்.

"அண்ணா, பொண்ணு இத்தனை கனம் இருக்க மாட்டா" என்றாள் லலிதா.

"இருக்கட்டும். மார்ஜின் வேணும்."

"கால் மரத்துப் போறது" என்றான் விச்சு, மூட்டைக்குப் பின்னாலிருந்து.

"இருமுடா" என்றேன்.

இருமினான். ஒன்றும் ஆகவில்லை.

"சும்மா இருமினாப் போறாது அண்ணா. சிரிச்சாத்தான் நிஜம் தெரியும்" என்றாள் லலிதா. அப்புறம் புருஷனைப் பார்த்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "கடைல அம்மைக்குன்னேளாமே... அதுவும் சரிதான். என் மாமியாருக்கு லார்ஜ் எந்த மூலைக்கு?"

விச்சு அரை வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தான். மூட்டை குலுங்கியது.

லார்ஜ் தோற்றது. இரண்டு பக்கமும். அந்த அரிசியை அப்புறம் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் அவர்கள் வீட்டில் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் லலிதா தானே கடைக்குப் போனாள். "எங்காத்துக்காரருக்கு. மீடியம்." அதோடு முடிந்தது. மருந்துக் கடை இடிந்து விழவில்லை. மீடியம் மோரையும் மூட்டையையும் மாமியாரையும் தாங்கியது.

தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை.

எங்கள் பேச்சுத் தமிழில் மடி என்றால் இரண்டு அர்த்தம். பெண் உட்காருகிற மடி ஒன்று. சடங்கு வேளையில் காக்க வேண்டிய சுத்தம் இன்னொன்று. மலையாளத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு — சோம்பல், தயக்கம். விச்சுவிடம் மூன்றும் இருந்தன. முதல் மடிக்கு வழி பிறந்ததும் இரண்டாவதைக் கிளப்பினான்.

"தாலி கட்டற நேரத்துல நான் பஞ்சகச்சம் கட்டிண்டு மடியா இருக்கணும். தைச்ச துணி உடம்புல இருக்கப்படாது. கல்யாணம் பண்ணிவைக்கற நம்ம வாத்தியார் பனியனையே கழட்டச் சொல்ற ஆளாக்கும். இது ஆவாதுடா. தம்பியே உக்காரட்டும்."

இது சாக்கா, நம்பிக்கையா? பாதிப் பாதி என்று நினைக்கிறேன். அவன் கண்ணில் நிஜமான பயமும் இருந்தது. தன் உடம்பு ஒரு பக்கம் கெட்டது போதாதென்று பெண் கல்யாணமும் தன்னால் கெடுமோ என்ற பயம்.

ஆனால் அவன் தப்பான ஆளிடம் வாதத்துக்கு வந்துவிட்டான். நான் வேலைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் உட்கார்ந்து, வந்திறங்கும் சரக்கு எது எந்த வகை என்று தீர்மானித்தவன். ஜன்னலோரம் மேஜையில் ஒன்றைப் பிரித்து விரித்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"பார். இது நெய்த துணியே இல்லை. நார்களை அமுக்கி எடுத்த தாள் மாதிரி. ஓரமெல்லாம் சூட்டிலே ஒட்டினது. ரப்பர் பட்டி பசையிலே ஒட்டினது. எங்கேயாவது ஊசி போன தடம் காட்டு."

விச்சு கண்ணாடியை வாங்கி ஓரம் ஓரமாகப் பார்த்தான். லலிதாவும் பார்த்தாள்.

"சுங்க வகைப்பாட்டிலே இது உடைகளோட சேராது. தனி இனம். கார்மென்ட்னு சொல்றது விண்வெளிக்காரா மட்டுந்தான்."

"நீ சொன்னா ஆச்சா?" என்றான் விச்சு. "வாத்தியார் சொல்லணும். கேக்கறதா இருந்தா பேரைச் சொல்லாமக் கேள்."

வாத்தியார் — எங்கள் பக்கத்துக் கல்யாணம், பூணூல் எல்லாம் செய்துவைக்கும் புரோகிதர் — எங்கள் பொதுக் கூடமான சமூக மடத்தில் ஒரு ஹோமத்தை முடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கறாரான மனிதர். மணிக்கணக்கில் மணையில் அசையாமல் உட்காருவார். தர்ப்பை ஒரு விரல் தள்ளியிருந்தால் சத்தம் போடுவார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவாக் கேக்கறவாளைத்தான் நம்பப்படாது. கேளும்."

"பஞ்சகச்சத்துக்குள்ளே... தைக்காத ஒரு வஸ்து. வெறுமனே ஒட்டினது. அது இருக்கலாமா?"

"எதுக்கு?"

"ஈரம் இழுக்க."

காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது. வகைப்பாட்டு வாதம் முழுவதையும் நான் மனசில் அடுக்கி வைத்திருந்தேன். எடுத்துவிட வாயைத் திறந்தேன். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குமே? ஓரத்துல ரப்பர் சுருக்கம் வச்சு?"

"ஆமாம்."

"அதுல தையல் கிடையாது, ஓய். நான் எப்பவோ பார்த்தாச்சு."

மீதிக் காப்பியைக் குடித்து முடித்தார். எனக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பூணூல் என்றால் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம்தான் எழுந்திருக்க முடியும். அவர் அசையாமல் இருப்பதைப் பார்த்து என்ன கட்டுப்பாடு என்று எத்தனையோ தடவை வியந்திருக்கிறேன். கட்டுப்பாடுதான். கட்டு உள்ளே இருந்தது.

இதை எழுதலாமா என்று அவரிடமும் கேட்டேன். "எழுதும். நாலு பேருக்கு உபகாரம். ஊர்ல எத்தனை வாத்தியார் இருக்கா, யாருன்னு கண்டுபிடிக்கப் போறா?" என்றார். மட்டாஞ்சேரியில் எத்தனை வாத்தியார் இருக்கிறார்கள் என்று நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

விச்சுவிடம் தீர்ப்பை மட்டும் சொன்னேன். ஆதாரத்தைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் பெண்ணைக் கூப்பிட்டு, "நான்தான் உக்காரப் போறேன்" என்றான்.

"அப்போ இத்தனை நாள் ஏன்பா...?"

"முட்டி வலி."

காயத்ரி அவனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வாரம் கல்யாணம். ஹாலில் புகை, வியர்வை, மேளம். விச்சு பஞ்சகச்சத்தில் மணைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ராக்கெட் கிளம்புவதற்கு முன் டி.வி.யில் காட்டுவார்களே, அந்த முகம். காயத்ரி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அப்பா, கனமா இருந்தாச் சொல்லு. நான் கொஞ்சம் தூக்கினாப்பல உக்காந்துக்கறேன்."

"பேசாம உக்காருடி" என்றான் விச்சு. "முழுக்க உக்காரு."

உட்கார்ந்தாள். கெட்டிமேளம். தாலி. அட்சதை. எல்லாரும் பையனைப் பார்த்தார்கள். நானும் லலிதாவும் மணையைப் பார்த்தோம்.

எல்லாம் முடிந்து காயத்ரி எழுந்து போனாள். விச்சு மட்டும் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் காதருகே குனிந்தேன்.

"என்னடா... ஆச்சா?"

"ஒரு சொட்டு இல்லை" என்றான். "பாலைவனம்."

அங்கவஸ்திரத்தின் நுனி மட்டும் நனைந்து கிடந்தது. அதில் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"இது நிக்க மாட்டேங்கறதேடா. இதுக்கு அவா மேலே என்ன போட்டுக்கறா?"

"இதுக்கு ஒண்ணும் கிடையாது. அங்கே கண்ணீர் கீழே விழாது. உருண்டையாக் கண்ணிலேயே ஒட்டிண்டு நிக்கும்."

விச்சு யோசித்தான். மூக்கை உறிஞ்சினான்.

"அப்போ இங்கேயே தேவலை."